ஒரே ரோல்ல வெயிலும் மேகமூட்டமும், டெவலப் டைம் எப்படி வைக்கிறது?

பிளாக் அண்ட் வைட் ஃபிலிம் வீட்லயே டெவலப் பண்றவங்க யாராச்சும் கொஞ்சம் சொல்லுங்க. எச்பி5 பிளஸ் ஃபிலிம் (ஐஎஸ்ஓ 400), ஐடி-11 டெவலப்பர் 1+1 (சரிக்குச் சரி தண்ணி), 20 டிகிரில 13 நிமிஷம், இதான் என் வழக்கம். உச்சி வெயில்னா மீட்டர ஐஎஸ்ஓ 200ல வச்சு (வெளிச்சம் கூடுதலா விழ) எடுத்து, டெவலப் டைம 20 சதவீதம் குறைச்சிடுறேன், நிழல்லயும் டீடெயில் நிக்குது வெள்ளைச் சட்டையும் வெளிறிப் போகல, அது ஓகே. மேகமூட்டம்னா நேர்மாறா டைம் கூட்டணும், ஆனா 35 எம்எம்ல ரெண்டும் ஒரே ரோல்ல இருந்தா என்னதான் பண்றது? ஷீட் ஃபிலிம்காரங்களுக்கு ஒவ்வொரு படமும் தனித்தனி ஷீட், இந்தத் தலைவலியே இல்ல, குடுத்து வச்சவங்க. வெயிலுக்கு ஏத்த மாதிரி குறைச்சே டெவலப் பண்ணிட்டு, மேகமூட்டத்துல சப்புன்னு வர்ற நெகட்டிவ மல்டிகிரேடு பேப்பர்ல (ஃபில்டர் மாத்தினா கான்ட்ராஸ்ட் மாறுற பேப்பர்) 4ஆம் நம்பர் ஃபில்டர் போட்டு கான்ட்ராஸ்ட தூக்கிடலாமா, கிரெயின் ரொம்ப தெரியுமா? இல்ல அஜிட்டேஷன (டேங்க் ஆட்டுறத) மட்டும் குறைச்சா போதுமா? பிரிண்ட் போட்டுப் பாத்தவங்க சொன்னா நல்லாருக்கும், ஸ்கேன்ல சரி பண்ணிக்கோன்னு மட்டும் சொல்லிடாதீங்க.