சரக்கு இ-சைக்கிள்: வாங்கியாயிற்று, 4 மாதக் கணக்கு

இரண்டு குழந்தைகள், வாரச் சாமான்கள், வழியில் ஒரு செங்குத்தான மேடு, இதற்கு எந்த சரக்கு இ-சைக்கிள் சரிவரும், முன்னால் பெட்டி வைத்ததா, பின்பக்கம் நீண்டு சுமை ஏற்ற இடமுள்ள நீளவால் வகையா, சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் சக்கர மோட்டாரா, பெடல் அச்சில் இருக்கும் நடு மோட்டாரா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீளவால், நடு மோட்டார் எடுத்தேன். முடிவு செய்ய உதவியது ஒரே யோசனைதான்: காலியாக ஓட்டிப் பார்க்காதே, சுமையோடு ஓட்டு. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டை, அதாவது 40 கிலோவை ஏற்றிக்கொண்டு மேட்டில் பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்த்தேன். சக்கர மோட்டார் முனகியது. நடு மோட்டார் கியர் வழியாக இழுப்பதால், கியரைக் குறைத்ததும் அலுங்காமல் ஏறிவிட்டது. ஆனால் நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், அது பழக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எதிர்பார்க்காதவை சில. 500 வாட்-மணி பேட்டரி, சுமையோடு 35 கி.மீ.தான் வருகிறது, விளம்பரத்தில் போட்டது இதைப்போல இரண்டு மடங்கு. மோட்டாரின் இழுவை முழுக்கச் சங்கிலி மேல் விழுவதால் அது சீக்கிரம் தேய்கிறது. பின்னால் உயரமாக அடுக்கினால் முன்சக்கரம் லேசாகி ஆட்டம் காட்டியது, கனமானதைப் பக்கப் பைகளில் தாழ்வாக வைத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம், வண்டியே 35 கிலோ. மாடிப்படி ஏற்றலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். இரட்டைக்கால் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் குழந்தைகளை ஏற்றி இறக்குவதும் நடக்காத காரியம்.