பழைய 454 எஞ்சினின் நிஜமான பவர் எவ்வளவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு வாக்குவாதத்தைத் தீர்த்து வைக்க உதவி வேண்டும். 1970 செவர்லே செவல் எஸ்எஸ் 454-ல் வந்த எல்எஸ்6 எஞ்சின், 7.4 லிட்டர் (அதாவது 454 கன அங்குலம்) வி8, மேலே ஒரு பெரிய ஹோலி கார்புரேட்டர், 450 எச்பி. 2015 மஸ்டாங்கில் வெறும் 2.3 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன், அதுவே 310 எச்பி. "என்ன இருந்தாலும் 140 குறைவுதானே" என்கிறான் தம்பி.

ஆனால் அந்த 450 கிராஸ் கணக்கு. ஏர் ஃபில்டர், காரில் வரும் சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினைத் தனியாக ஓட்டி அளந்தது (அந்தக் காலத்து விளம்பரக் கணக்கு, வேறென்ன). 1972-ல்தான் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் நெட் கணக்குக்கு (ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாட்டி அளப்பது) வந்தன. 1971 கார்வெட்டின் எல்எஸ்5 454-க்கு கிராஸ் 365, நெட் 285 என்று இரண்டுமே கொடுத்திருந்தார்கள். அதே விகிதத்தில் போட்டால் எல்எஸ்6 சுமார் 350 வருகிறது. ஆனால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கம்ப்ரஷன் எல்லாம் இரண்டுக்கும் வேறு, அப்படிப் போடலாமா?

கை வைக்காத எல்எஸ்6-ஐ டைனோவில் (பவர் அளக்கும் மெஷின்) ஏற்றிய ரிப்போர்ட் யாரிடமாவது இருக்கிறதா? 2,000 ஆர்பிஎம்மில் டார்க் (முறுக்கு விசை) எவ்வளவு என்று தெரிந்தால் இன்னும் நல்லது, சண்டையே அங்கேதான் நிற்கிறது.