ரெலகேஷன் - ‘படியிறக்கம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

சுவீடனின் உச்சநிலை ஐஸ் ஹாக்கி லீக்கான எஸ்எச்எல் பற்றிய கட்டுரை ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 1975இல் எலிட்செரியன் என்று தொடங்கி, 2013இல் பெயர் மாறிய அதே லீக்தான். தோற்ற அணியைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பும் ‘ரெலகேஷன்’ கட்டுரையில் வரும் இடத்திலெல்லாம் ‘தகுதி நீக்கம்’ என்று போட்டிருக்கிறார்கள். இது தப்பு. ஊக்கமருந்து சாப்பிட்டு மாட்டுகிறவருக்குக் கிடைப்பதுதான் தகுதி நீக்கம். 2022இல் ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் அணி கீழே போனது ஆடித் தோற்றதால்.

நடைமுறை இதுதான். 14 அணிகள், ஆளுக்கு 52 ஆட்டம். கடைசி இரண்டு இடங்களில் இருப்பவை தங்களுக்குள் ஒரு தொடர் ஆட வேண்டும். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி தப்பிக்கும். மற்றது ஹாக்கிஆல்ஸ்வென்ஸ்கன் என்ற இரண்டாம் நிலைக்குப் போகும். அங்கே வென்ற அணி மேலே வரும். ஆக, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஜோடியாகச் சொல் வேண்டும். தகுதி நீக்கத்துக்கு ஜோடி ஏது?

இங்கே ஒருவர் ‘தரமிறக்கம்’ என்றார். எனக்கு ஒப்பவில்லை. யூர்கோர்டன் 16 முறை சுவீடன் பட்டம் வென்ற அணி, வேறு யாரும் அத்தனை வென்றதில்லை. அதன் தரத்துக்கு யார் மதிப்பெண் போடுவது? தவிர, நாடுகளின் கடன் மதிப்பீட்டுச் செய்திகளில் அந்தச் சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘பதவியிறக்கம்’ அலுவலகத்துக்குச் சரி, அணிக்கு ஏது பதவி?

என் பரிந்துரை: படியிறக்கம், படியேற்றம். பயணப்படியைக் குறைத்துவிட்டார்களோ என்று அரசு ஊழியர் யாராவது பதறலாம், பரவாயில்லை.

இன்னொன்று: அந்தக் கடைசி இருவர் தொடரைக் கட்டுரையில் ‘தகுதிச் சுற்று’ என்றிருக்கிறார்கள். படிக்கிறவர் கோப்பைக்கான சுற்று என்று நினைத்துக்கொள்வார். அதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

*

தம்பி,

படியிறக்கம் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். வினையாக்கும்போதுதான் கவனம் வேண்டும். ‘அணி படியிறங்கியது’ என்றால் மாடியிலிருந்து வந்ததுபோல் ஆகிவிடும். ‘கீழ்ப்படிக்குப் போனது’ என்றால் யாருக்கோ கீழ்ப்படிந்த மாதிரி. ‘படியிறக்கம் பெற்றது’ என்றும் வேண்டாம், பெறுவதற்கு அது பரிசா? ‘படியிறக்கப்பட்டது’ போதும்.

கடைசித் தொடருக்கு ‘தக்கவைப்புத் தொடர்’ என்று வைக்கலாம். அதில் ஜெயிப்பவருக்குக் கோப்பை கிடையாது, இருந்த இடம் மிஞ்சும், அவ்வளவுதான்.

வட அமெரிக்காவின் என்எச்எல் லீக் பற்றிய கட்டுரைகளுக்கு இந்தச் சொற்கள் தேவைப்படாது. அங்கே எவ்வளவு மோசமாக ஆடினாலும் யாரையும் கீழே அனுப்புவதில்லை; கடைசியில் வந்த அணிகளுக்கு அடுத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை வாய்ப்புகூட உண்டு. அதனால் பொதுவான ஐஸ் ஹாக்கிப் பக்கத்தில் படியிறக்கத்தை விதி மாதிரி எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், அதே கட்டுரையில் ‘பந்தை வலைக்குள் அடித்தார்’ என்று ஒரு வரி பார்த்தேன். அது பந்தில்லை, தட்டையான ரப்பர் வட்டு. இப்போதைக்கு ‘பக்’ என்றே இருக்கட்டும், அதற்குத் தனி இழை தொடங்கலாம்.