பேரவையின் முடிவு பங்குத்தந்தையைக் கட்டுப்படுத்த வேண்டுமா?

முன்னாள் செயலர்: பள்ளிக் கூரையைப் பழுதுபார்க்க வேண்டும் என்று எங்கள் பங்குப் பேரவையில், அதாவது பங்குத்தந்தையோடு பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் சபையில், ஏறக்குறைய எல்லோரும் கை தூக்கினோம். திருவிழாவுக்குள் ஆலய வாசலில் அலங்கார வளைவு எழும்பிவிட்டது. கூரை இன்றும் ஒழுகுகிறது. கூட்டக் குறிப்பேட்டில் ‘கலந்து பேசப்பட்டது’ என்று ஒரே வரி. கேட்டால், 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 536ஆம் எண்ணைக் காட்டுகிறார்கள்: பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே. அந்தச் சட்டத்தை மாற்றியாக வேண்டும்.

கொடிமரத்தான்: மாற்றினால் பேரவை யார் கைக்குப் போகும் என்று யோசித்தீர்களா? 2008 மார்ச்சில் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்ட விவகாரம் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் தலைகளை எண்ணி முடிவெடுத்தால் சிறுபான்மைத் தெருவுக்கு என்ன கிடைக்கும்? இன்னொன்று: 532ஆம் எண்ணின்படி பங்கின் சார்பில் நிற்பவர் பங்குத்தந்தை. வழக்கு என்று வந்தால் கை தூக்கியவர்களா படியேறுவார்கள்?

முன்னாள் செயலர்: சாதி பேரவையில்தான் குடியிருக்கிறதா, குருக்கள் இல்லத்தின் வாசலோடு நின்றுவிடுகிறதா? ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவிலிருந்தும், ஒருவர் வந்தால் எல்லாத் தெருவுக்கும் குரல் இருக்கும். சாமியார் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். வளைவுக்கு வாங்கிய கடனை நாங்கள்தான் அடைக்க வேண்டும்.

கொடிமரத்தான்: குரல் இருக்கும், சரி. வாக்கெடுப்பில் அந்த ஒற்றைக் குரல் தோற்றுத்தானே போகும்?

அன்பியப் பொறுப்பாளர்: வளைவுக் கணக்கை நிதிக்குழுவில் யாராவது கேட்டீர்களா, அண்ணா? பேரவையாவது மறைமாவட்டத் தலைவரான ஆயர் நல்லதென்று கருதினால்தான் அமையும். நிதிக்குழு 537ஆம் எண்ணின்படி ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம். அதுவும் ஆலோசனைக் குழுதான், ஆனால் ரசீதைக் கேட்க வாக்கெடுப்பு எதற்கு? 2024 அக்டோபரில் வத்திக்கானில் முடிந்த உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் பங்குப் பேரவைகளைக் கட்டாயமாக்கச் சொல்கிறது; ‘ஆலோசனை மட்டுமே’ என்ற சொல்லாட்சியை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது; ஆலோசனையை மீறுபவர் தக்க காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் அதை அப்படியே ஏற்று வெளியிட்டார். இறுதி முடிவு பங்குத்தந்தையிடமே இருக்கட்டும். கூரையை ஏன் தள்ளிவைத்தார் என்பதைக் குறிப்பேட்டில் தம் கையால் எழுதி, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசிக்கட்டும்.

கொடிமரத்தான்: அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

முன்னாள் செயலர்: ‘நிதி போதவில்லை’ என்று எழுதிவிட்டால்?

அன்பியப் பொறுப்பாளர்: வளைவின் ரசீதை அதே பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.