குளத்துக் காசுக்கு எந்தக் குழுவைப் பிடிப்பது?

அண்ணாமார், அக்காமார், பாராளுமன்ற நடைமுறை தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தின் துருசு (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு) பழுது, மாரி இறங்கினால் கட்டுக்கும் பயம். 80 ஹெக்டேயருக்கும் குறைவான வயலுக்குப் பாயும் சின்னக் குளம், ஆகவே கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கேட்டால், "ஒதுக்கீடு வரவேணும்" என்ற ஒரே பதில்தான். வட மாகாண சபையிடம் போகலாம் என்றால் அதன் காலம் 2018 ஒக்ரோபரோடு முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை.

மிச்சம் எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 பாராளுமன்ற உறுப்பினர்கள். வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் அமைச்சு அமைச்சாக எடுக்கும்போது பேசுவார்கள், ஹன்சாட் என்ற சபைப் பதிவேட்டிலும் வரும், சரி. ஆனால் திட்டத்துக்கு மொத்தமாக வாக்கெடுக்கும் இரண்டாம் வாசிப்பே முடிந்த பிறகு பேசி எங்கள் துருசுக்குக் காசு வருமா? அதற்கு முதலே மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் போடவைப்பதா, அமைச்சுகளின் வேலையைக் கண்காணிக்கும் பாராளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழுவில் இருப்பவரைப் பிடிப்பதா?

உறுப்பினர் ஒருவர் மூலம் பொது மனுக்கள் குழுவுக்குப் போன கமக்கார அமைப்புகள் இருந்தால், எந்த மாதம் கொடுத்தீர்கள், என்னென்ன இணைத்தீர்கள் என்று சொல்லுங்கள். மனு மாதிரி இருந்தால் இங்கேயே போடுங்கள். திருத்த மதிப்பீட்டைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டிருக்கிறோம்.