பழைய வடாற்காட்டுச் சின்னப் பள்ளிகளின் சுழற்கோப்பை: வரலாற்றை எங்கிருந்து பிடிப்பது?

பாலாற்றுமணல்:
குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துச் சின்ன உயர்நிலைப்பள்ளிகள் எட்டொன்பது சேர்ந்து தங்களுக்குள் நடத்திய சுழற்கோப்பைப் போட்டியின் வரலாற்றைத் தொகுக்கிறோம். கபடி, பூப்பந்து, தடகளம் மூன்றும் உண்டு. கையில் இருப்பது பித்தளைத் தகடுகள் அடித்த மரப்பீடத்தோடு ஒரு கோப்பை, ஏழு சான்றிதழ், இரண்டு ஆண்டு மலர். கடைசித் தகடு 1979. ஒரு சான்றிதழில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றும், தேதியில்லாத இன்னொன்றில் ‘திருப்பத்தூர் மாவட்டம்’ என்றும் இருக்கிறது. நூறு கஜ ஓட்டத்தை நூறு மீட்டர் பட்டியலில் போடலாமா? 1979-க்குப் பிறகு நிறுத்தச் சொல்லி ஆணை ஏதாவது வந்திருக்குமா?

கோட்டைஅகழி:
முதலில் மாவட்டத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே குழம்பும். 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காடு இரண்டானது. திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசி எல்லாம் புதிய திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டன. அதற்கு முந்தைய முடிவுப் பட்டியலில் செய்யாற்றுப் பள்ளியைப் பார்த்தால் ‘வெளிமாவட்ட அணி’ என்று எழுதிவிடாதீர்கள். திருப்பத்தூர் வருவாய் மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 28-ல்தான், ஆனால் அதற்கு முன்பே அது கல்வி மாவட்டத் (கல்வித்துறை தன் நிர்வாகத்துக்குப் பிரித்துக்கொண்ட பகுதி) தலைமையிடம். சான்றிதழின் முத்திரையைப் பாருங்கள். கல்வி அலுவலர் முத்திரை என்றால் கல்வி மாவட்டம்தான்.

இதைவிடப் பெரிய பொறி பள்ளிப் பெயர். ‘போர்டு ஹைஸ்கூல்’, ‘அரசு உயர்நிலைப்பள்ளி’, ‘அரசு மேல்நிலைப்பள்ளி’ மூன்றும் ஒரே பள்ளியாக இருக்கலாம். ஜில்லா போர்டு (அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) நடத்திய பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது முதல் பெயர் மாறியது, பிளஸ் டூ வந்தபோது இரண்டாவது மாறியது. மூன்றையும் தனித்தனியாக எண்ணினால் எட்டுப் பள்ளி பதினைந்தாகிவிடும். ஊர்ப்பெயரை முதல் கட்டத்தில் போட்டு, பக்கத்தில் ‘அந்த வருடத்துப் பெயர்’ என்று தனிக் கட்டம் வையுங்கள்.

கஜக்கோல்:
கஜத்தை மீட்டரோடு கலக்கவே கூடாது. 100 கஜம் 91.44 மீட்டர்தான், எட்டரை மீட்டர் குறைவு. 440 கஜம் 402.34 மீட்டர், அதாவது 400-ஐவிட நீளம். ஒன்றில் குறைவு, ஒன்றில் கூடுதல் என்பதால் ஒரே கணக்கில் அடங்காது. நேரத்தை ‘மாற்றி’ எழுதினால் யாரும் ஓடாத ஓட்டம் பட்டியலில் ஏறிவிடும். தனிக் கட்டமாகவே விடுங்கள். தாண்டுதலில் அந்தத் தொல்லை இல்லை, 20 அடி 3 அங்குலம் என்றால் 6.17 மீட்டர் என்று எழுதலாம், அசலையும் பக்கத்தில் வையுங்கள். குண்டு எறிதலில் எடை தெரியாமல் தூரத்தை ஒப்பிடாதீர்கள். 12 பவுண்டு குண்டு 5.44 கிலோ, இன்று 17 வயதுக்குட்பட்ட பையன்கள் எறிவது 5 கிலோ.

தகட்டைத் துலக்கிவிட்டீர்களா?

பாலாற்றுமணல்:
இன்னும் இல்லை. சிலது கறுத்துப்போயிருக்கிறது, புளி போட்டுத் துலக்கலாம் என்று இருந்தோம்.

கஜக்கோல்:
வேண்டாம்! புளி பளபளப்பாக்கும், ஆனால் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாகச் செதுக்கிய எழுத்தின் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். கோப்பை வெள்ளி முலாம் என்றால் முலாமும் போகும். உலர்ந்த துணியால் தூசியைத் தட்டிவிட்டு, சாக்பீஸ் தூளை விரலால் எழுத்துப் பள்ளத்தில் தடவி, மேற்பரப்பை மட்டும் துடையுங்கள். கறுத்த தகட்டில் வெள்ளை எழுத்து எழும்பும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் பித்தளை கூசும், ஒன்றும் விழாது. இடது, வலது இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம். ‘3’-ஆ ‘8’-ஆ என்ற சந்தேகம் அங்கேதான் தீரும்.

இன்னொன்று, ஒரு வருடத்துக்குத் தகடு இல்லை என்றால் போட்டி நடக்கவில்லை என்று எழுதாதீர்கள். பல இடங்களில் வென்ற பள்ளிதான் தன் செலவில் பெயர் பொறிக்கும். பொறிக்காமலே அடுத்த வருடம் கோப்பையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தகட்டில் ‘1965’ என்று மட்டும் இருந்தால் அது 1964–65-ஆ, 1965–66-ஆ என்று ஆண்டு மலரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ட்ரில்பீரியட்:
ஏன் நின்றது என்பதற்கு ஆணையைத் தேட வேண்டாம், வகுப்பை எண்ணுங்கள். பழைய எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பு. அப்போது உயர்நிலைப்பள்ளியின் கபடி அணிக்கு முதுகெலும்பே அந்தப் பதினோராம் வகுப்புப் பையன்கள்தான். 1978-ல் பிளஸ் ஒன் வந்தது, எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்போடு முடிந்தது. மேல்நிலையாகத் தரம் உயர்ந்த பள்ளிக்குப் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் கிடைத்தார்கள். உயராத பள்ளிக்கு இருந்த பெரிய பையன்களும் போய்விட்டார்கள். கபடிக்குக் களத்தில் ஏழு, வெளியே ஐந்து, ஆகப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒன்பது, பத்தில் சேர்த்து முப்பது பையன்கள் உள்ள பள்ளியில் அதே பன்னிரண்டு பேர்தான் பூப்பந்துக்கும் ஓட்டத்துக்கும். எட்டில் மூன்று பள்ளி தரம் உயர்ந்தாலே போதும், மீதி ஐந்தும் தோற்பதற்காகப் பேருந்துச் செலவு செய்யாது. உங்கள் கடைசித் தகடு 1979 என்பது இதோடு பொருந்துகிறது. உறுதிசெய்ய, எட்டுப் பள்ளிகளும் தரம் உயர்ந்த வருடத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள். பள்ளி வாசல் கல்வெட்டிலோ கட்டடத் திறப்புப் பலகையிலோ அது பெரும்பாலும் இருக்கும்.

தகவல் உரிமை மனு போடுவதானால் ‘வரலாறு தருக’ என்று கேட்காதீர்கள், ‘தகவல் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ‘இன்ன பள்ளி, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி’ என்று கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். போட்டி முடிவுத் தாள்களைக் கழித்திருப்பார்கள், சேர்க்கைப் பதிவேடு நிரந்தரப் பதிவேடு. இரண்டு ‘எம். முருகன்’ வந்தால் அதில்தான் பிரிக்க முடியும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது உத்தேசமாக எழுதிய தேதிதான் பல; அந்தக் காலப் பதிவேட்டில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்! சேர்க்கை எண், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் ஒத்தால் எழுதுங்கள். பார்த்த தேதிகளை இங்கே பதிவிடாதீர்கள், பலர் உயிரோடு இருக்கிறார்கள்.