வீட்டில முதல் ஆளா கம்பஸ் போனவங்கட கதை: பேச்சுப்போட்டி மாதிரி வருது, என்ன செய்யலாம்?

படுவான்கரை மிஸ்:
ஏ/எல் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட, குடும்பத்தில முதல் ஆளா கம்பஸ் போன பத்துப் பேரின்ட கதைய, ஆளுக்கு 3 நிமிசம், போன்ல பதியிறம். எழுதித் தரச் சொன்னா எல்லாம் ஒரே அச்சு: வறுமை, அம்மாட கண்ணீர், விடாமுயற்சி, நன்றி வணக்கம். என்ன கேட்டா உள்ளது வெளிய வரும்?

வாவிக்கரை:
எழுதச் சொன்னதுதான் பிழை, மிஸ். பேனையக் குடுத்தா தமிழ்த்தினப் போட்டி ஞாபகம் வந்திரும். முதல்ல 15, 20 நிமிசம் கதைக்க விட்டுப் பதியுங்க. "உங்கட கதையச் சொல்லுங்க" எண்டா முழு வாழ்க்கையும் சுருங்கி வரும். ஒரு கடதாசி, ஒரு சாமான், ஒரு நாள் எண்டு கேளுங்க. யூ.ஜி.சி. கைநூல (கம்பஸ் அனுமதிக்கு விண்ணப்பிக்கிற வழிகாட்டிய) வீட்டில ஆர் வாசிச்சது? பாடநெறிகள எந்த ஒழுங்கில போட்டீங்க, ஆரிட்டக் கேட்டு? வருமானத்த எழுதி வாங்க கிராம சேவகரிட்டப் போன அண்டைக்கு அப்பா என்ன சொன்னார்? ஹொஸ்டலுக்கு என்னென்ன கொண்டு போனீங்க? "பாயும் வாளியும்" எண்டு வந்தா அங்கயே நில்லுங்க: ஆர் வாங்கினது, எந்தக் கடையில, என்ன நிறம். "எவ்வளவு கஷ்டப்பட்டீங்க?" எண்டா அழுகைதான் வரும். "அண்டைக்கு பஸ்காசு எங்கால வந்தது?" எண்டா விபரம் வரும்.

மறுகா வெட்டுறது. 3 நிமிசத்துக்கு 300 சொல்லளவுதான் கொள்ளும், ஒரு சம்பவம் போதும். வெட்டினத எழுதிக் குடுத்துத் திருப்பி வாசிக்க விடாதீங்க, குரல் செத்திரும். முதல் பதிவையே வெட்டி ஒட்டுங்க.

கல்லடிக் காத்து:
ஃபேன நிப்பாட்டுங்க. வேர்க்கும், பரவால்ல. அந்த இரைச்சல பிறகு அழிக்கப் போனா குரலும் தகரமாகிரும். வெறும் சீமெந்துச் சுவர் வகுப்பறை எதிரொலிக்கும். மெத்தையும் உடுப்பும் கிடக்கிற ஹொஸ்டல் அறை திறம். ஃபோன வாயில இருந்து ஒரு சாண் தள்ளி, நேர வைக்காம கொஞ்சம் பக்கமா, மடிச்ச துவாய்க்கு மேல வையுங்க. ஏரோப்ளேன் மோட் முக்கியம். கடைசியில 10 செக்கன் ஒருத்தரும் கதைக்காம அறைச் சத்தத்த மட்டும் எடுங்க, ஒட்டுற இடத்துக்குத் தேவைப்படும். வாட்ஸ்அப்பில வொயிஸா அனுப்பாதீங்க, ஃபைல டொக்கியுமென்டா அனுப்புங்க.

ஒலுவில் வாசகி:
கதை பிள்ளையிட. ஆனா அதுக்குள்ள வெளிநாட்டுல வேலை செய்யிற உம்மாவும், காணாமல் போன அப்பாவும், நுண்கடனும் வரும். சம்மதம் ரெண்டு தரம் வாங்குங்க: பதிய முதல் ஒண்டு, வெட்டினதக் கேட்ட பிறகு ஒண்டு. ரெண்டாவதுதான் சம்மதம். பேர மாத்தினா மட்டும் காணாது. ஊரில ஒரே பிள்ளைதான் மருத்துவபீடம் எண்டா, ஊரையும் பீடத்தையும் சேர்த்துச் சொன்னா ஆளையே சொன்ன மாதிரி. வகுப்பில போடக் குடுத்த சம்மதம் பேஸ்புக்குக்குச் செல்லாது.

இன்னொண்டு. "மாவட்டக் கோட்டாவில வந்தன்" எண்டு தலையக் குனிஞ்சு சொன்னா அப்பிடியே விடாதீங்க. மருத்துவம், பொறியியல் மாதிரிப் பாடநெறிகளுக்கு உள்ள இடங்கள்ல 40% அகில இலங்கைத் திறமை, 55% மாவட்ட அடிப்படை, 5% பின்தங்கிய 16 மாவட்டத்துக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16க்குள்ள. அந்த 55% எண்டது கொழும்பு, கண்டிக்கும் சேர்த்து எல்லா மாவட்டத்துக்கும்தான்.

படுவான்கரை மிஸ்:
வாளியில இருந்து துடங்குறம். வாயே திறக்காட்டி?

வாவிக்கரை:
வீட்டில முதல் ஆளா வந்த ரெண்டாம் வருசப் பிள்ளை ஒண்டு கேள்வி கேக்கட்டும். நீங்க அறைக்கு வெளியால நில்லுங்க, மிஸ்.